அண்ணன் கொடுத்த ரத்தம்

தணிகைவேலுக்கு ஐம்பது வயது நிறைந்த செய்தியை ஈசிஆர் கடற்கரைச் சாலையில் போகிற யாரும் தெரிந்துகொள்ளாமல் தப்பித்துவிட முடியாது. கோவளம் முதல் கல்பாக்கம் வரை கம்பத்துக்குக் கம்பம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பேனரில் வெள்ளை வேட்டி, அடுத்ததில் கோட்டு, இன்னொன்றில் பக்கத்தில் ஒரு சிங்கம். சிங்கத்துக்குத்தான் கொஞ்சம் சங்கடம் போலத் தெரிந்தது. எல்லாவற்றிலும் பெயருக்கு மேலே 'குருதி வள்ளல்' என்று சிவப்பு எழுத்து. செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளை வாங்கி, வெட்டி, கல் நட்டு மனை விற்கிற மனிதருக்கு இந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. பேனர் அடிக்கச் சொன்னவர் எவரோ அவரே கொடுத்தார்.

இந்த பேனர்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஷாரோனுக்கு அவரைக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அவள் கணவன் ஆல்வின் அவருடைய கார் டிரைவர். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். ஷாரோன் மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு சூப்பர்வைசர். ஒரே மகள் ஜாய்ஸ், பத்து வயது.

ஜாய்ஸுக்கு தலசீமியா. அவள் உடம்புக்குத் தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக உண்டாக்கத் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோதே வெளுத்துப் போய் மூச்சு வாங்கியதில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி, வார்டில் படுத்து, வேறு யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வருகிறாள். ஏற்றி முடித்ததும் உதடு சிவந்து துள்ளுவாள். நாள் ஆக ஆக நிறம் இறங்கும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான்.

அந்த வார்டில் தாய்மார்கள் சத்தமாகப் பேசாத ஒரு விஷயம் உண்டு. செய்யூரிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வரும் பூவாயியின் பிள்ளைக்குச் சில வருஷங்களுக்கு முன், எங்கோ ஏற்றிய ஏதோ ஒரு பையிலிருந்து கல்லீரலைத் தின்கிற கிருமி வந்துவிட்டது. எந்தப் பை, யார் கொடுத்தது, யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு பை வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆயுள் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. ஒவ்வொரு பை தொங்கும்போதும் ஷாரோன் ஒரு சின்ன ஜெபம் சொல்லுவாள். கொடுத்தவர் நல்லவராக இருக்க வேண்டும் என்றல்ல. கொடுத்தவர் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆல்வின் வீட்டுக்கு வந்து, வியர்வை வழிய வழியக் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டபடியே சாப்பிட உட்கார்ந்தான்.

"இன்னாத்துக்கு இந்த வேக்காட்டுல இப்டி மூடிகினு கீற?" என்றாள் ஷாரோன்.

"ஒண்ணுமில்ல."

ஜாய்ஸ் பின்னாலிருந்து வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கை நெஞ்சில் பட்டதும் ஆல்வின் "ஆ" என்று அலறி, தட்டைத் தட்டிவிட்டான். ஷாரோன் அவன் சட்டையைத் திறந்து பார்த்தாள். இடது நெஞ்சில் தோல் கன்றிச் சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் பச்சை குத்திய ஒரு ரத்தத் துளி, துளிக்குள் 'த.வே.' என்று இரண்டு எழுத்து.

"யார் பேரு இது?"

"அண்ணாத்த பேருதான். பொறந்த நாளுக்குன்னு அவரு பேருல கீற மன்றத்துல அல்லாரும் குத்திகினாங்க. நா ஒருத்தன் மட்டும் குத்தலன்னா நல்லாவா இருக்கும்?"

"கட்டின பொண்டாட்டி பேருல ஒரு எழுத்து, பெத்த பொண்ணு பேருல ஒரு எழுத்து, எதுனா கீதா அங்க? எங்க குத்தின?"

"பீச்சுல. டூரிஸ்ட்டுக்கு டாட்டூ போடுறானே ஒருத்தன், அவன்கிட்ட. நாப்பது பேரும் வரிசையா ஸ்டூலு போட்டு உக்காந்தோம்."

"ஒருத்தர் ஒருத்தருக்கு ஊசி மாத்துனானா?"

ஆல்வின் யோசித்தான். "பஞ்சுல தொடச்சான்."

"நாப்பது பேருக்கும் ஒரே ஊசியா?"

"ரெண்டு மிஷின் இருந்துச்சு. ஒண்ணு பாதில ரிப்பேராயிடுச்சு."

ஷாரோன் கீழே சிந்திய சோற்றை அள்ளினாள். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதற்கு அடியில் பயம். ஆல்வினும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ரத்தம் கொடுக்கிறவன். யாரோ தன் மகளுக்குக் கொடுக்கிறார்கள், தானும் யாருக்கோ கொடுக்க வேண்டும் என்று. பச்சை குத்தினால் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் போய் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான்.

"உன் ரேசரத் தனியா எடுத்து வையி," என்றாள். பிறகு ஏதோ உறைத்து நிமிர்ந்தாள். "பொறந்த நாளுக்கு ரத்த தான கேம்ப்புன்னு பேனர் கட்டிகீறாங்களே. குத்திகினவங்க அல்லாரும் அதுல ரத்தம் குடுக்கப் போறாங்களா?"

"அதுக்குத்தான குத்தினதே. பேரைக் குத்திகினு, ரத்தத்தையும் குடுக்கறது. கையில குத்தினா டாக்டருங்க கண்டுக்குவாங்கன்னு அண்ணாத்ததான் நெஞ்சுல குத்தச் சொன்னாரு."

அதாவது, கூடாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அளவுக்கு வள்ளல் படித்தவர்தான்.

அடுத்த வாரம் தணிகைவேலே வீட்டுக்கு வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவன், மனைகளுக்குக் கல் நடும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் நித்தின், கையில் ஒரு பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் வெள்ளைக் கவுன். கவுனின் முதுகில் ஜரிகை வைத்த இரண்டு சிறகுகள்.

"பாப்பா இதைப் போட்டுகினு மேடைக்கு வந்து எனக்கு ஒரு பூ குடுத்தா போதும்," என்றார் தணிகைவேல். "ரத்தம் வாங்கற கொழந்த ஒண்ணு கண்ணுக்கு முன்னாடி நின்னாத்தான் சனங்களுக்கு உருகும்."

ஷாரோன் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, பச்சை குத்திகினவங்க ஒரு வருஷம் ரத்தம் குடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லுவாங்க. ஊசி வழியா கிருமி வந்திருக்கலாம்."

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் ரூலும்மா. நம்ம பசங்க ரத்தம் கேவுரும் கருவாடும் துன்னு ஊறுன ரத்தம். இன்னா பண்ணிடும் கிருமி?"

"கிருமி வந்த புதுசுல டெஸ்ட்டுலகூடத் தெரியாதாம் அண்ணா. என் பொண்ணு மாதிரி பிள்ளைங்களுக்கு..."

"நீ டாக்டருக்குப் படிச்சியா?" என்று அவர் சிரித்தார். பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்து முடிக்கும்போது முடித்துக்கொண்டார்கள். ஆல்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர்கள் போன பிறகு அவன் கெஞ்சினான். "நீ வா. மேடையில நின்னுட்டு வந்துரு. என் வேலைய நெனச்சுப் பாரு." கேம்ப்புக்கு டாக்டர்கள் வருவார்கள், அவர்கள் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஷாரோன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நேரில் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. போவதாக ஒப்புக்கொண்டாள். சிறகுகளை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டாள்.

கேம்ப் அடுத்த மாதம் திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாழைமரம், பேண்டு, வெடி. மாப்பிள்ளை மட்டும்தான் இல்லை. அந்தக் குறையைத் தணிகைவேல் மாலையோடு வந்து இறங்கித் தீர்த்தார். ரத்தம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு ஹெல்மெட்டும் பிரியாணிப் பொட்டலமும். ஹெல்மெட்டிலும் அவர் முகம் இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து ஒரு தனியார் ரத்த மையம் வந்திருந்தது. நுழைவாயிலில் மேசை போட்டு, கொடுக்க வருகிறவர்கள் பூர்த்தி செய்ய வேண்டிய கேள்வித்தாள்களை நித்தின் கட்டுக்கட்டாக வைத்திருந்தான். எல்லாம் ஏற்கெனவே டிக் அடித்து வைத்தவை. காமாலை வந்ததா, மருந்து சாப்பிடுகிறீர்களா, பச்சை குத்தினீர்களா, எல்லாவற்றுக்கும் 'இல்லை'. ஒரே பேனா, ஒரே சாய்வு. உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாலும் 'இல்லை' என்றே இருந்திருக்கும்.

ரத்த மையத்தின் டாக்டர் விஜயகுமாரி ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். விடிகாலையில் கிளம்பி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஷாரோன் அவர் அருகே போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். "நான் ஒவ்வொருத்தரையும் கேட்டேன்மா. இல்லன்னுதான் சொல்றாங்க."

"சட்டையத் தொறக்கச் சொல்லுங்க மேடம்."

"கொடுக்க வந்தவங்கள எப்படிம்மா அப்படிச் சோதிக்கிறது?"

"அப்ப டெஸ்ட்ல தெரிஞ்சிடுமா?"

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன மாசம் உள்ள போன கிருமின்னா, எங்ககிட்ட இருக்கிற டெஸ்ட்ல தெரியாம போகலாம். அதனாலதான் வாய்விட்டுக் கேக்கறோம். அவங்க பொய் சொன்னா எங்களுக்கு வேற வழியில்ல."

இதற்குள் ரத்த மையத்தின் மேனேஜர் ஞானதாஸ் வந்துவிட்டார். வந்திருந்த பைகள் அத்தனையும் நிரம்பிப் போக வேண்டும் என்கிற ஒரே கவலை அவருக்கு. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஷாரோனைத் தனியே அழைத்துப் போனார்.

"கோடை வந்தா யாரும் ரத்தம் குடுக்க வர்றதில்லம்மா. வார்டுல வந்து ரத்தம் இல்லயான்னு நிக்கப் போறது நீங்கதான். இவர மாதிரி ஆளுங்கள பகைச்சுகிட்டா நாளைக்கு உங்க பொண்ணுக்கே பை இருக்காது. புரியுதா?"

புரிந்தது. அதுதான் கேவலமாக இருந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் இந்த மண்டபம், இந்த வாழைமரம், இந்த ஹெல்மெட் எல்லாமே நின்றுகொண்டிருந்தன.

அப்போது பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. தணிகைவேல் ரத்தம் கொடுக்கப் போகிறார். பூ அலங்காரம் செய்த தனிக் கட்டில். அவர் படுத்தார். கையில் பட்டை கட்டினார்கள், பஞ்சால் துடைத்தார்கள், ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார்கள். கேமராக்கள் சூழ்ந்துகொண்டன. அவர் வலியைத் தாங்கிக்கொள்கிற தியாகி மாதிரி கண்களை லேசாக மூடினார்.

ஜாய்ஸ் அம்மாவின் புடவையை இழுத்தாள். "மம்மி, அங்கிளுக்கு ஊசியே போடல. ட்யூப மேல வெச்சி பிளாஸ்திரி ஒட்டிகீறாங்க."

ஊசி விஷயத்தில் ஜாய்ஸை ஏமாற்ற முடியாது. ஷாரோன், வரிசையில் சேராமல் பக்கத்தில் நின்ற ஆல்வினைப் பார்த்தாள். அவன் மெதுவாகச் சொன்னான்: "அவருக்கு சக்கர வியாதி. வேளா வேளைக்கு இன்சுலின் போட்டுக்கறாரு. அவரு ரத்தம் குடுத்து நா பாத்ததே இல்ல."

பிறகு மேடை. தணிகைவேல் மைக்கைப் பிடித்தார். மேடைக்கென்று அவரிடம் ஒரு தமிழ் இருந்தது. "இதோ இந்தப் பிஞ்சுக் குழந்தை! இதன் நரம்புகளில் ஓடுவது யாருடைய ரத்தம்? இந்தத் தணிகைவேலின் ரத்தம்! சாதி பார்த்தேனா? மதம் பார்த்தேனா? வாரி வழங்கினேன்!"

கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. ஷாரோனுக்குக் காது எரிந்தது. இந்த மனிதர் வீட்டில் சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ வரும். ஆல்வினுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். எட்டு வருஷமாக அப்படித்தான். அதை ஆல்வின் ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. சம்பளம் வாங்க ஒருமுறை அவனோடு போனபோது அவளே பார்த்தாள். டம்ளரில் கொடுக்க முடியாதவர் நரம்பில் கொடுத்துவிட்டாராம்.

ஜாய்ஸ் பூவைக் கொடுத்தாள். "அம்மா நன்றியாக இரண்டு வார்த்தை பேசுவார்," என்று யாரோ மைக்கை ஷாரோனிடம் நீட்டினார்கள்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். பச்சை குத்தினவர்கள் கொடுக்கக் கூடாது என்று சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்தது. கீழே கட்டில்களில் சிலர் ஏற்கெனவே படுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வரிசையில் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது இதுதான்.

"அண்ணனுக்கு நன்றி," என்றாள். "ஆனா அண்ணன் மேல இவங்கல்லாம் வெச்சிருக்கற பாசம் எவ்ளோ பெருசுன்னு இங்க வந்துகீறவங்க யாருக்கும் தெரியாது. போன மாசம் அண்ணன் பேர நெஞ்சுலயே பச்சை குத்திகினாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, நாப்பது பேரு. அத நாம பாக்க வேணாமா? அண்ணன் ஆசைப்பட்டா அல்லாரும் சட்டையத் தொறந்து காட்டட்டும். பேப்பர்காரங்க ஒரு போட்டோ எடுத்துக்கட்டும்."

தணிகைவேலின் முகத்தில் ஒரு நொடி ஏதோ கணக்கு ஓடியது. பச்சையை டாக்டர்களிடம் மறைக்கச் சொன்னதே அவர்தான். ஆனால் எதிரே கேமராக்கள் அத்தனையும் உயர்ந்திருந்தன. அந்தக் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. அவர் கையை உயர்த்தினார்.

முதலில், ரத்தம் கொடுத்து முடித்து முழங்கையில் பஞ்சோடு நின்ற நித்தின் சட்டையைப் பிரித்தான். பிறகு வரிசை முழுக்கப் பட்டன்கள் திறந்தன. கட்டிலில் படுத்திருந்தவர்கள்கூட ஒரு கையில் ஊசியோடு இன்னொரு கையால் சட்டையை விலக்கிக் காட்டினார்கள். நெஞ்சுக்கு நெஞ்சு ரத்தத் துளி, துளிக்குள் 'த.வே.'. சிலருக்குத் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. ஒருவனுக்குச் சீழ் வைத்து மஞ்சளாக இருந்தது. அவன்தான் எல்லோரையும்விட அதிகமாக நெஞ்சை நிமிர்த்தினான். 'அண்ணன் வாழ்க' என்று கோஷம் எழுந்தது. கேமராக்கள் மின்னின. தணிகைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் விஜயகுமாரி எழுந்து கட்டில்களுக்கு நடுவே போய் நின்றார். "எல்லாத்தையும் நிறுத்துங்க. ஊசிய எடுங்க," என்றார்.

ஞானதாஸ் ஓடிவந்தார். "மேடம், கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சிட்டேன் ஞானதாஸ். இத்தனை கேமராவுல பதிவாயிருக்கு. இவங்க ரத்தத்தை எடுத்தோம்னு நாளைக்கு எல்லா பேப்பர்லயும் வரும். அந்தக் கேள்வித்தாள்ல கீழ இருக்கிற கையெழுத்து என்னோடது."

தைரியம் எப்படி வந்தால் என்ன, வந்தது. ஷாரோன் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. அதுவரை நிரம்பிய பைகள் எல்லாவற்றையும் தனியே ஒரு பெட்டியில் போட்டு, அழிப்பதற்கென்று எழுதி ஒட்டினார்கள். டாக்டர் மைக்கை வாங்கி, பச்சை குத்தினவர்கள் ஒரு வருஷத்துக்கு எங்கேயும் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று சொன்னபோது பேண்டு வாசித்தவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள்.

தணிகைவேல் மேடையிலிருந்து இறங்கும்போது ஷாரோன் பக்கம் திரும்பவில்லை. ஆல்வினிடம் மட்டும் சொன்னார்: "சாவிய நித்தின் கைல குடுத்துட்டு பஸ் ஏறு."

அன்று சாயங்காலத்துக்குள் மன்றத்தின் வாட்ஸப் குழுவில் ஷாரோனின் பரம்பரை முழுக்க அலசப்பட்டது. ரத்தம் வாங்கிப் பிழைப்பவளுக்கு இத்தனை வாயா என்றார்கள். இனி அந்தக் கூட்டத்துக்கு ஒரு சொட்டுக் கிடையாது என்று ஒருவர் சபதம் போட, கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. ரத்தம் கொடுக்கும் தகுதி ஒரு வருஷத்துக்கு இல்லாதவர்கள் இனி கொடுக்க மாட்டோம் என்று சபதம் எடுத்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆல்வின் பல நாள் அவளிடம் பேசவில்லை. ஒரு நாள் பேசியபோது கத்தினான். "அல்லாரும் வாய மூடிகினு இருந்தாங்க இல்ல? உனக்கு மட்டும் இன்னா பேஜாரு? எட்டு வருஷ வேல போச்சு!"

"எட்டு வருஷமா பேப்பர் கப்புல டீ குடிச்ச. அதையும் சேத்துக்கோ," என்றாள் ஷாரோன்.

அவனுக்கு அவள் பார்த்திருந்தது தெரியாது. அவன் முகம் மாறியது. அதற்கப்புறம் அவன் அந்த வேலையைப் பற்றிப் பேசவில்லை. மாமல்லபுரத்தில் டாக்ஸி ஸ்டாண்டில் ஒருவருடைய வண்டியை ஓட்டச் சேர்ந்தான்.

ஆனால் ஞானதாஸ் சொன்னதும் பலித்தது. ஜாய்ஸின் முறை வந்து செங்கல்பட்டுக்குப் போனபோது அவளுடைய வகை ரத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த கடைசிப் பைகள் பிரசவத்துக்கு வந்தவர்களுக்குப் போய்விட்டன. வெளியே கேட்கலாம் என்றால் கேம்ப் நடத்திய அந்த ரத்த மையத்திலும் இல்லை என்று ஞானதாஸே போனில் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு திருப்தி இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜாய்ஸ் ஷாரோன் மடியில் சாய்ந்தே வந்தாள். மறுநாள் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. உள்ளங்கை வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. செய்தது சரிதானா என்று ஷாரோன் அன்று முழுக்கத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் எதுவாக இருந்தாலும் பிள்ளைக்கு ரத்தம் வேண்டும்.

ரிசார்ட்டில் விஷயம் தெரிந்ததும் அவளுடன் வேலை செய்கிற பெண்கள் ஒரு வேன் பிடித்துச் செங்கல்பட்டுக்கு வந்தார்கள். பேனர் இல்லை, பிரியாணி இல்லை. ஆனால் விரலில் குத்திப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தத்தில் சத்து போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுக்கு மெத்தை விரிக்கிறவர்கள். தங்களுக்கென்று காலையில் ஒரு டீயும் பன்னும். ஒருத்தி தனக்குப் போன வருஷம் காமாலை வந்ததை மறைக்காமல் சொல்லி, வெட்கத்தோடு எழுந்து போனாள். மூன்று பேர் தேறினார்கள். அவர்களோடு வேன் டிரைவரும். அந்த வார்டுக்கு வரும் பிள்ளைகளுக்காக அவர்கள் கொடுத்ததோடு, வேறொரு ஊரிலிருந்து வந்த பைகளும் சேர, ஜாய்ஸுக்கு ஒரு பை ஏறியது.

பக்கத்துக் கட்டிலில் பூவாயி தன் மகனோடு இருந்தாள். அவள் மேடை விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தாள். "ரெண்டு நாள் லேட்டா ஏறுனா சாவ மாட்டா," என்று மட்டும் சொன்னாள். "என் புள்ளைக்கு ஏத்தினது டயத்துக்குத்தான் ஏறுச்சு."

கேம்ப் நடந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். நித்தினுக்குக் கண் மஞ்சளானது. மன்றத்தில் யாரோ சொன்ன வைத்தியரிடம் பச்சிலை வாங்கிச் சாப்பிட்டான். வாந்தியில் துவண்டு விழுந்த பிறகுதான் அவன் மனைவி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்குகிற கிருமி என்றார்கள். எதிலிருந்து வந்திருக்கும் என்று கேட்டபோது அவன் சட்டையைத் திறந்து காட்டினான்.

செய்தி டாக்டர் விஜயகுமாரிக்குப் போனது. அவர் ஷாரோனுக்குப் போன் செய்தார். "அன்னிக்கு எடுத்த பைகளை அழிச்சிட்டோம். சாம்பிளை மட்டும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம்மா. நித்தினோடதும் இருந்தது. ஒண்ணுமில்லன்னுதான் வந்துச்சு. நீங்க சொல்லாம இருந்திருந்தா, அது சுத்தமான ரத்தம்னு வெளிய போயிருக்கும்."

ஷாரோன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரிசார்ட்டின் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பை எந்தப் பிள்ளைக்குப் போயிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பச்சை குத்திய எல்லோரும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். யாரும் போக வேண்டாம், மன்றத்தின் பெயர் கெட்டுவிடும் என்று தணிகைவேல் சொல்லியனுப்பினார். போனவர்கள் ரகசியமாகப் போனார்கள். கேம்ப்பில் வாங்கிய ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் நின்றார்கள், அடையாளம் தெரியக் கூடாதென்று. ஹெல்மெட் முழுக்க அண்ணன் முகம். ஐந்தாறு பேருக்குக் கிருமி இருந்தது.

ஆல்வின் ஹெல்மெட் இல்லாமல் போனான். பி கிருமிக்கு அவன் பயப்பட வேண்டியதில்லை. ஜாய்ஸுக்காக வீட்டில் எல்லோரும் தடுப்பூசி போட்டிருந்தார்கள், ஷாரோன் அவனை இழுத்துக்கொண்டு போய் மூன்று ஊசியும் போடவைத்திருந்தாள். ஆனால் தடுப்பூசியே இல்லாத கிருமிகளும் இருந்தன. அவற்றுக்காகக் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த மாதங்களில் ஆல்வின் தன் ரேசரைத் தானே பெட்டியில் பூட்டினான். விரலில் ஒரு சின்னக் கீறல் பட்டாலும் ஜாய்ஸின் கையைப் பிடிக்க மாட்டான். கடைசிப் பரிசோதனையும் நல்லபடி வந்த அன்று அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதான். ஷாரோன் அவனைத் திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு, அவன் கையிலிருந்த ரிசல்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

நித்தின் பிழைத்துக்கொண்டான். ஆள் பாதியாகிவிட்டான். டிஸ்சார்ஜ் ஆகி வந்து ரிசார்ட் வாசலில் நின்றான். "அக்கா, அந்த பேப்பர்ல அல்லாத்துக்கும் நாந்தான் டிக்கு போட்டேன்," என்றான்.

"தெரியும்."

"அண்ணாத்த ஒரு வாட்டிகூட வந்து பாக்கல."

"அதுவும் தெரியும். வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ. உன் பொண்டாட்டி ஊசி போட்டுகினாளான்னு கேட்டுக்கோ."

அவன் வந்துபோய் ஒரு மாதம் கழித்து ஈசிஆரில் புது பேனர்கள் வந்தன. தணிகைவேல் இந்த முறை வெள்ளைக் கோட்டில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சிரித்தார். 'கல்லீரல் காவலர்' நடத்தும் மாபெரும் மஞ்சள் காமாலை விழிப்புணர்வு முகாம்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார், நேற்றுதான் பிரிந்து போனவர் மாதிரி. "தங்கச்சி, பழசையெல்லாம் மனசுல வெச்சிக்காத. நீ அன்னிக்கு சொன்னதுதான் எனக்குக் கண்ணத் தொறந்துச்சு. மேடையில வந்து அத சொல்லணும். ஆல்வினுக்கும் பழைய வேல கீது."

ஷாரோன் ஆல்வினைப் பார்த்தாள். பதில் அவன் சொல்லட்டும் என்று அடுப்பு வேலையைத் தொடர்ந்தாள்.

ஆல்வின் எழுந்து நின்றான். எட்டு வருஷப் பழக்கம், அவர் முன்னால் உட்கார்ந்து பேச வரவில்லை. "வேணாங்க," என்றான். "எங்களுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி போற வேல கீது."

"முகாம் அடுத்த மாசம்டா."

"அடுத்த மாசமும் கீது. அதுக்கு அடுத்த மாசமும் கீது. நீங்க கெளம்புங்க."

தணிகைவேல் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு காரில் ஏறிப் போனார். முகாம் நன்றாகவே நடந்தது. வேறு யாருடைய குழந்தையோ மேடையில் பூ கொடுத்தது, சிறகுகளோடு.

தணிகைவேல் வந்துபோன மறுநாள் செங்கல்பட்டு வார்டில் நர்ஸ் பையைத் தொங்கவிட்டு, ஜாய்ஸின் பெயரையும் பையின் எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்தாள். சொட்டு இறங்கத் தொடங்கியது. ஷாரோன் கண்ணை மூடித் தன் ஜெபத்தைச் சொன்னாள். ஜாய்ஸ் பக்கத்துக் கட்டிலில் இருந்த பூவாயியின் மகனிடம் கணக்கு நோட்டை நீட்டி, பின்னக் கணக்கு ஒன்றை எப்படிப் போடுவது என்று கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. ஆல்வின் இரண்டு பேருக்கும் இட்லி வாங்கக் கீழே இறங்கிப் போனான்.